பாம்புக்கும் கீரிக்கும் நிஜமாகவே நடந்த சண்டை... 50 பாம்புகள் மட்டும் தப்பித்த கதை! | தீவு உயிர்கள் - 7

"இப்போ பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போறேன்... எல்லாரும் ஒருவாட்டி ஜோரா கை தட்டுங்க!"

சந்தைக்கும் திருவிழாவுக்கும் போய் வளர்ந்த அப்பா, தாத்தா தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வசனம் தெரியாதவர்கள் குறைவு. கூடை மூடியே இருக்கும். கீரி கயிற்றில் கட்டியிருக்கும். வித்தைக்காரர் பேசிக்கொண்டே இருப்பார். கடைசியில் தாயத்து விற்று முடியும். சண்டை மட்டும் நடக்கவே நடக்காது.

அந்தச் சண்டை நிஜமாகவே நடந்த இடம் ஒன்று இருக்கிறது. நடந்தது தெருமுனையில் இல்லை, ஒரு நாடு முழுக்க. யாரும் கை தட்டவில்லை. சொல்லப்போனால், அப்படி ஒரு சண்டை நடக்கிறது என்பதே பல வருடங்களுக்கு யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்டின் பெயர் ஆன்டிகுவா.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த மண். கரீபியன் கடலுக்கும் அட்லான்டிக் பெருங்கடலுக்கும் நடுவில், சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் குட்டித் தீவு. இந்தத் தீவுக்கே சொந்தமான ஒரு பாம்பு இனம் உண்டு. ஆன்டிகுவன் ரேசர் என்று பெயர். 1990-களில் 'உலகிலேயே மிக அரிதான பாம்பு' என்று அழைக்கப்பட்டது இதுதான்.

இந்த வாரம் அதன் கதை.

யார் இந்த ரேசர்?

ரேசர் என்றதும் சீறிப் பாயும் பாம்பு என்று நினைத்துவிட வேண்டாம். மிகவும் சாதுவான பிராணி. முழுதாக வளர்ந்தால் சுமார் ஒரு மீட்டர் நீளம் இருக்கும். மனிதர்களுக்கு இதனால் எந்த ஆபத்தும் இல்லை. கையில் எடுத்தால்கூடப் பெரும்பாலும் கடிக்காது. அதற்குப் பதிலாக, வால் பக்கமிருந்து ஒருவித நாற்றமடிக்கும் திரவத்தை விடும். அதுதான் அதன் அதிகபட்சத் தற்காப்பு.

ஆண் பாம்பையும் பெண் பாம்பையும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆண், அடர்ந்த பழுப்பு நிறத்தில் வெளிர் திட்டுகளுடன் இருக்கும். பெண், வெள்ளி கலந்த சாம்பல் நிறம். உடம்பிலும் பெண்தான் பெரிது, தலையும் அதற்குத்தான் பெரிது.

சாப்பாடு? கிட்டத்தட்ட பல்லி மட்டும்தான். காய்ந்த சருகுகளுக்குள் உடம்பை மறைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். பல்லி பக்கத்தில் வந்தால் ஒரே பிடி.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாம்பு பகலில் வேலை பார்க்கும். இரவில் தூங்கும். இந்தக் கதையில் அதன் தலையெழுத்தைத் தீர்மானித்தது இந்த டைம் டேபிள்தான்.

கரும்பு வந்தது, எலி வந்தது

மனிதர்கள் பெருமளவில் குடியேறுவதற்கு முன்பு ஆன்டிகுவாவில் அடர்ந்த காடு இருந்தது. தரையில் அலைந்து திரிந்து வேட்டையாடும் கீரி, நரி, பூனை மாதிரியான விலங்கு எதுவும் அங்கே கிடையாது. அதனால் ரேசருக்கு அப்படிப்பட்ட எதிரியைக் கண்டால் ஓட வேண்டும் என்ற பழக்கமே உருவாகவில்லை. தேவையும் வரவில்லை.

1632-ல் ஆங்கிலேயர்கள் வந்து குடியேறினார்கள். அதே நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்து, அடிமைகளாக்கி, அவர்கள் உழைப்பில் சர்க்கரை காய்ச்சிய காலம் அது. கரும்புக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. பாம்புகளின் வீடு சுருங்கியது.

ஐரோப்பியக் கப்பல்களில் டிக்கெட் வாங்காமல் வந்து இறங்கிய இன்னொரு பயணி, கருப்பு எலி. கரும்புத் தோட்டம் எலிக்குச் சொர்க்கம் இல்லையா? பெருகித் தள்ளியது. கரும்பை மட்டும் கடிக்கவில்லை. பாம்பு முட்டைகளையும் தின்றது. இரவில் தூங்கிக்கொண்டிருக்கும் பாம்புகளையும் கடித்தது.

தோட்ட முதலாளிகளுக்குப் பாம்பைப் பற்றி என்ன கவலை? கரும்பு நாசமாகிறதே என்பதுதான் கவலை. எலியை ஒழிக்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் தேடி அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்... நம் இந்தியா!

கல்கத்தாவிலிருந்து கிளம்பிய 9 கீரிகள்

1872-ல் ஜமைக்கா தீவைச் சேர்ந்த எஸ்பியூட் என்ற தோட்ட முதலாளி, கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளைக் கப்பலில் வரவழைத்தார். எலியைப் பிடித்துத் தின்னும் என்பது திட்டம். ஆரம்பத்தில் எலித் தொல்லை குறைந்ததாகப் பேச்சு பரவியது. அவ்வளவுதான். பக்கத்துத் தீவுக்காரர்கள் எல்லாம் "எங்களுக்கும் கீரி வேணும்" என்று கிளம்பிவிட்டார்கள். 1883-ல் கீரி பசிபிக் கடலில் இருக்கும் ஹவாய் வரைக்கும் போய்விட்டது. 1890-களில் ஆன்டிகுவாவுக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு சின்ன விளக்கம். நம்மூர் வேலியோரம் ஓடும் சாம்பல் கீரி வேறு, இது வேறு. அங்கே போனது வட இந்தியாவில் அதிகம் காணப்படும் சிறிய இந்தியக் கீரி. உருவத்தில் சின்னது. பசியில் சின்னது இல்லை.

இப்போது டைம் டேபிளுக்கு வருவோம். கருப்பு எலி இரவில் நடமாடும். மரம் ஏறுவதில் கில்லாடி. கீரியோ பகலில் நடமாடும், அதன் வேட்டையெல்லாம் தரையில்தான். அதாவது கீரி வேலைக்கு வரும்போது எலி தூங்கப் போய்விடும். எலி வேலைக்கு வரும்போது கீரி தூங்கப் போய்விடும். இருவரும் ஒரே தோட்டத்தில் வேறு வேறு ஷிஃப்ட் பார்த்தார்கள்!

சரி, பகல் ஷிஃப்ட்டில் தரையில் யார் இருந்தார்கள்? தரையில் கூடு கட்டும் பறவைகள். பல்லிகள். அப்புறம் நம் ரேசர்.

பகலில் கீரி, இரவில் எலி. பாம்புக்கு ஓய்வு என்பதே இல்லாமல் போனது.

இது சமமான சண்டையா?

"கீரி பாம்பைக் கொல்வது இயற்கைதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

இந்தியாவில் நாகமும் கீரியும் யுகம் யுகமாக ஒரே மண்ணில் வாழ்கின்றன. நாகத்திடம் விஷம் இருக்கிறது, படம் எடுக்கிறது, சீறுகிறது. கீரியிடம் வேகம் இருக்கிறது. பாம்பு விஷத்தைத் தாங்கும் சக்தியும் அதன் உடம்பில் ஓரளவுக்கு இருக்கிறது. ஒன்றுக்கு ஏற்ப இன்னொன்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை காலமாகியும் இரண்டுமே பிழைத்திருக்கின்றன. 'கீரியும் பாம்பும் மாதிரி' என்று நாம் சொல்லும்போது அதில் ஒரு சமநிலை ஒளிந்திருக்கிறது.

ஆன்டிகுவாவில் அந்தச் சமநிலை கிடையாது. விஷத்தால் விரட்ட முடியாது. ஓடி ஒளியும் பழக்கமும் இல்லை. நாற்றத்தை வைத்துக்கொண்டு கீரியிடம் என்ன செய்வது? சில பத்தாண்டுகளில் ஆன்டிகுவா பெருந்தீவில் ரேசர் கண்ணில் படுவதே நின்றுபோனது. 1933-ல்தான் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் இந்தப் பாம்புக்கு அறிவியல் முறைப்படி பெயர் வைத்தார். அந்த 1930-கள் முடிவதற்குள் இந்த இனமே அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெயர் சூட்டு விழாவும் கருமாதியும் ஒரே பத்தாண்டில்!

கீரிதான் காரணமா, அல்லது காடு அழிந்ததால் வந்த வினையா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். பக்கத்துத் தீவுகளைப் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும். ரேசரின் நெருங்கிய சொந்தமான சிவப்பு வயிற்று ரேசர் என்ற பாம்பு, செயின்ட் கிட்ஸ், நெவிஸ், சபா, செயின்ட் யூஸ்டேஷியஸ் ஆகிய நான்கு தீவுகளில் இருந்தது. செயின்ட் கிட்ஸிலும் நெவிஸிலும் கீரி உண்டு. அங்கே பாம்பு இப்போது இல்லை. சபாவிலும் செயின்ட் யூஸ்டேஷியஸிலும் கீரி இல்லை. அங்கே பாம்பு இன்னும் இருக்கிறது. டொமினிகா தீவிலும் கீரி இல்லை. அங்கே இருக்கும் இன்னொரு சொந்தக்கார ரேசரும் நன்றாகவே இருக்கிறது.

25 ஏக்கரில் ஒளிந்திருந்த இனம்

ஆன்டிகுவாவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில் கிரேட் பேர்ட் ஐலண்ட் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. 'பெரிய பறவைத் தீவு' என்று பொருள். பெயரில்தான் பெரிது. மொத்தமே 25 ஏக்கருக்குள்தான். சுற்றுலாப் பயணிகள் படகில் வந்து குளித்துவிட்டுப் போகும் இடம்.

கீரி அந்தத் தீவுக்குப் போகவே இல்லை. யாரும் கொண்டுபோய் விடவில்லை. ஆன்டிகுவன் ரேசர் அங்கே உயிரோடு இருந்தது.

1995-ல் மார்க் டே என்ற ஆய்வாளரும், ஆன்டிகுவாவைச் சேர்ந்த கெவல் லிண்ட்சேவும் இந்தப் பாம்புகளைத் தேடி ஆய்வு செய்தார்கள். கிடைத்த கணக்கு: சுமார் 50. ஒரு தீவில் 50 என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க மொத்தமே அவ்வளவுதான். ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

அந்த 50-ம் நல்ல நிலைமையில் இல்லை. நிறைய பாம்புகளின் உடம்பில் தழும்பு. பலவற்றுக்கு வால் துண்டு. காரணம், கீரி போகாத அந்தத் தீவுக்கும் எலி போயிருந்தது.

முதல் வேலை, எலி!

அதே 1995-ல் ஆன்டிகுவன் ரேசர் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஆன்டிகுவாவின் வனத்துறை, அந்த ஊர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு, பிரிட்டனின் ஃபானா அண்ட் ஃப்ளோரா இன்டர்நேஷனல், ஜெர்சி தீவின் டரல் வனவிலங்கு அறக்கட்டளை எனப் பலர் கைகோத்தார்கள். அப்போதிருந்து இந்தப் பணியில் நீண்ட காலம் முக்கியப் பங்கு வகித்தவர் ஜென்னி டால்ட்ரி என்ற விலங்கியலாளர்.

அவர்கள் பாம்பிடமிருந்து தொடங்கவில்லை, எலியிடமிருந்து தொடங்கினார்கள். தீவு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எலி மட்டும் தேடித் தின்னும் விதத்தில் விஷ உணவை வைத்தார்கள். ரேசர் உயிருள்ள பல்லியைத்தான் சாப்பிடும் என்பதால் அந்த உணவைத் தொடாது. 1995 முடிவதற்குள் தீவில் எலி இல்லை.

பலன்? இரண்டே ஆண்டுகளில் பாம்புகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகி நூறைத் தொட்டது. பல்லிகள் பெருகின. கடல் பறவைகளின் குஞ்சுகளும் அதிகம் பிழைத்தன. பாம்பைக் காப்பாற்றப் போய்ப் பறவையும் பிழைத்துக்கொண்டது!

1996-ல் சில பாம்புகளை ஜெர்சி உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோய் இனப்பெருக்கம் செய்ய வைக்கும் முயற்சியும் நடந்தது. அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கூண்டைவிட, எலி இல்லாத தீவுதான் இந்தப் பாம்புக்கு ஒத்துவருகிறது என்பது புரிந்தது.

ஒரே கூடையில் எல்லா முட்டையும் வேண்டாம்

நூறு பாம்புகள் ஆனதும் அடுத்த சிக்கல் வந்தது. 25 ஏக்கரில் எத்தனை பல்லிதான் இருக்கும்? இடம் நிரம்பிவிட்டது. அதைவிடப் பெரிய பயம், புயல். கரீபியனில் ஆண்டுதோறும் புயல் சீசன் உண்டு. 1995-ல் லூயிஸ், 1998-ல் ஜார்ஜஸ் என்று இரண்டு பெரும் புயல்கள் ஆன்டிகுவாவைத் தாக்கின. உலகத்தில் இருக்கும் மொத்தப் பாம்பும் ஒரே குட்டித் தீவில் இருக்கும்போது, ஒரே ஒரு மோசமான புயல் போதும், கதை முடிந்துவிடும்.

அதனால் குடும்பத்தைப் பிரித்துக் குடியேற்றினார்கள். சுற்றியிருக்கும் மற்ற குட்டித் தீவுகளிலும் எலிகளை ஒழித்தார்கள். பிறகு 1999-ல் ராபிட் ஐலண்ட், 2002-ல் கிரீன் ஐலண்ட், 2008-ல் யார்க் ஐலண்ட் என்று மூன்று புதிய வீடுகள். விடுவிக்கும் முன் பாம்புகளின் உடம்பில் அரிசி அளவில் சிறிய மைக்ரோசிப் வைத்தார்கள். அடுத்த முறை பிடிபடும்போது, இது யார், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

திட்டம் தொடங்கி 20 ஆண்டுகள் கடந்தபோது எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 50-லிருந்து 1,000!

பாம்பைவிடக் கடினமான வேலை

எலியை ஒழிப்பதுகூடச் சுலபம். மனிதர்களின் மனதை மாற்றுவதுதான் கஷ்டம்.

ஆன்டிகுவா மக்களில் பெரும்பாலோர் தங்கள் நாட்டில் இப்படி ஒரு பாம்பு இருக்கிறது என்றே அறியாமல் இருந்தார்கள். அறிந்தவர்களுக்கோ பயம். பாம்பென்றால் படையே நடுங்கும் என்பது நமக்கு மட்டுமான வழக்கம் இல்லையே! "பாம்பைப் போய் யாராவது காப்பாத்துவாங்களா?" என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது.

திட்டக்குழுவினர் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். மாணவர்களைப் படகில் ஏற்றித் தீவுக்கு அழைத்துப் போனார்கள். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே பாம்பு கணக்கெடுக்க வைத்தார்கள். உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத ஓர் உயிர் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமையாக மாறத் தொடங்கியது. இன்றைக்கு ஆன்டிகுவாவின் இயற்கைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் ரேசர்தான்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இந்தப் பாம்பிலிருந்து மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இதனால் யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனால், இந்தப் பாம்பு இந்த நிலைமைக்கு வந்ததில் அதன் தப்பு எதுவுமே இல்லை. காட்டை வெட்டியது, எலியைக் கொண்டுவந்தது, கீரியை விட்டது என்று மூன்றையும் செய்தது மனிதர்கள்தான். செய்ததைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அப்படியானால் சுபம்தானே?

இன்னும் இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தப் பாம்பு இன்னமும் 'மிக அருகிய' இனம்தான். அதாவது அழிவின் விளிம்பு.

காரணம் எளிது. ஆன்டிகுவா பெருந்தீவில் கீரி இன்னும் இருக்கிறது. அது இருக்கும்வரை ரேசரால் தன் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாது. அதன் மொத்த உலகமும் சில குட்டித் தீவுகள்தான். எலி நன்றாக நீந்தும். சுற்றுலாப் படகின் மூலையில் ஒளிந்தும் வரும். விரட்டிய பிறகும் எலிகள் மறுபடி வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்து ஒழிக்க வேண்டியிருக்கிறது. எலிப் புழுக்கை, பல் தடம் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் தொடர்ந்து தேடிக்கொண்டே இருக்க வேண்டும். செய்திகளில் வராத வேலை அது. ஒரு வருடம் நிறுத்தினால் பழைய கதை திரும்பலாம்.

கீரி விஷயத்தில் உலகம் பாடம் கற்றுக்கொண்டதா என்றால், மெதுவாகத்தான். ஜமைக்காவுக்குக் கீரி போய் நூறு வருடங்களுக்குப் பிறகு, 1979-ல், ஜப்பானின் அமாமி தீவில் ஹாபு என்ற விஷப்பாம்பை ஒழிப்பதற்காகச் சுமார் 30 கீரிகளை விட்டார்கள். ஹாபு இரவில் நடமாடும் பாம்பு. கீரியோ பகல் ஷிஃப்ட்! ஹாபு தப்பித்துக்கொண்டது. அந்தத் தீவுக்கே உரிய அபூர்வ முயல்தான் மாட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் பாடுபட்டு, கடைசிக் கீரியும் போய்விட்டது என்று ஜப்பான் அரசு அறிவித்தது 2024 செப்டம்பரில்.

இதற்காகக் கீரியின் மேல் கோபப்பட வேண்டியதில்லை. பசித்தால் கிடைத்ததைத் தின்னும் பிராணி அது. குழந்தையைக் காப்பாற்றிய கீரிப்பிள்ளையை அவசரப்பட்டு அடித்துக் கொன்றுவிட்டு அழுத தாயின் கதை நமக்குத் தெரியும். அங்கே தப்பு கீரியிடம் இல்லை, அவசரத்தில் இருந்தது. ஆன்டிகுவாவிலும் அப்படித்தான். எலி எப்போது தூங்குகிறது, கீரி எப்போது விழிக்கிறது என்று கப்பல் ஏற்றுவதற்கு முன் யாராவது ஒருவர் நின்று கேட்டிருக்கலாம்.

வீட்டில் குட்டீஸ் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'எலியை ஒழிக்கக் கீரி, கீரியை ஒழிக்க எதைக் கொண்டு வரலாம்?' அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதைவிட, எந்த இடத்தில் நின்று யோசிக்கிறார்கள் என்பது சுவாரஸ்யமாக இருக்கும்.

அடுத்த வாரம்: மொரீஷியஸ் பக்கத்தில் ரவுண்ட் ஐலண்ட் என்றொரு தீவு. அங்கே ஒரு பாம்பின் மேல்தாடை எலும்பு, நடுவில் கீல் வைத்த மாதிரி இரண்டாக மடங்கும். எதற்காக? பேசுவோம்.